துண்டிப்பு யாருடைய குற்றம்? – கணினி கேள்வி-பதில்

கேள்வி: ஏற்காட்டில் ஒரு காப்பித் தோட்ட அலுவலகத்தில் கணக்கராக இருக்கிறேன். தலைமை அலுவலகம் சேலம் செவ்வாய்ப்பேட்டையில் உள்ளது. அங்குள்ள விண்டோஸ் சர்வர் 2019-இல்தான் எங்கள் கணக்கு மென்பொருள் இருக்கிறது. நான் இங்கிருந்து ரிமோட் டெஸ்க்டாப் மூலம் அதில் நுழைந்து, கூலிப் பட்டுவாடாவையும் பழ வரவையும் பதிகிறேன். சில மாதங்களாக இணைப்பு அடிக்கடி அறுந்து போகிறது. சில வேளைகளில் திரை உறைந்து, வெகுநேரம் கழித்து அறுகிறது. சில வேளைகளில் எந்த அறிகுறியும் இல்லாமல் உடனே வெளியே தள்ளிவிடுகிறது. இணையச் சேவை தருபவர் சர்வர் மீது பழி போடுகிறார். சர்வரைப் பராமரிப்பவர் மலை மேலுள்ள லைன் சரியில்லை என்கிறார். நானும் செவ்வாய்ப்பேட்டையில் இருக்கும் கணக்கரும் 'ஆபீஸ்' என்ற ஒரே பயனர் பெயரைத்தான் பயன்படுத்துகிறோம். சர்வரில் ஒரு பதிவேட்டை இயக்கினால் உண்மை தெரிந்துவிடும் என்கிறார்கள். அது எந்தப் பதிவேடு, எப்படி இயக்குவது?
– ஏற்காட்டிலிருந்து ஒரு வாசகர்

பதில்: நீங்கள் கேட்கும் பதிவேடு (லாக்), சர்வரை நிறுவிய நாளிலிருந்தே பெரும்பாலும் ஓடிக்கொண்டுதான் இருக்கும். குறை அதன் அளவில் இருக்கிறது. அமர்வுகளை, அதாவது ஒருவர் சர்வரில் நுழைந்தது முதல் வெளியேறும் வரையிலான இணைப்புகளை, குறித்து வைக்கும் பதிவேட்டுக்கு விண்டோஸ் இயல்பாக ஒதுக்குவது 1028 கேபி மட்டுமே. அது நிரம்பியதும் பழைய வரிகள் அழிந்து, அவற்றின் மேல் புதியவை எழுதப்படும். பல பேர் வந்து போகும் சர்வரில், புகார் எழுந்து ஆள் வந்து பார்ப்பதற்குள் சம்பவ நாளின் வரிகள் போயிருக்கக்கூடும். ஆகையால் முதலில் இடத்தைப் பெருக்குங்கள். கூடுதலாக இயக்க வேண்டியது என்ன என்பதைப் பிறகு பார்க்கலாம்.

சர்வரில் நிர்வாகி உரிமையோடு 'ஈவன்ட் வியூவர்' என்ற கருவியைத் திறக்கச் சொல்லுங்கள். இடப்பக்கத்தில் 'அப்ளிகேஷன்ஸ் அண்ட் சர்வீசஸ் லாக்ஸ்', அதற்குள் 'மைக்ரோசாஃப்ட்', அதற்குள் 'விண்டோஸ்' என்று இறங்கினால், 'டெர்மினல் சர்வீசஸ்' என்று தொடங்கும் சில உறைகள் (ஃபோல்டர்கள்) தென்படும். அவற்றுள் 'லோக்கல் செஷன் மேனேஜர்', 'ரிமோட் கனெக்‌ஷன் மேனேஜர்' என்ற இரண்டும் உங்களுக்கு வேண்டியவை. இவற்றோடு, 'ரிமோட் டெஸ்க்டாப் சர்வீசஸ்' என்று தொடங்கும் 'ஆர்டிபி கோர் டிஎஸ்' என்ற உறையையும் சேர்த்துக்கொள்ளுங்கள். ஒவ்வொன்றிலும் 'ஆபரேஷனல்' என்ற பதிவேடு இருக்கும். அதன் மீது வலது பொத்தானை அழுத்தி 'ப்ராப்பர்ட்டீஸ்' சென்றால், 'எனேபிள் லாகிங்' என்ற கட்டத்தில் குறி இருக்கிறதா என்பது தெரியும், இல்லையென்றால் இடுங்கள். அதன் கீழே உள்ள உச்ச அளவை 102400 கேபி, அதாவது 100 எம்பி, என்று மாற்றுங்கள். பதிவேடு நிரம்பினால் என்ன செய்வது என்பதற்கு அங்கே மூன்று தேர்வுகள் உண்டு. பழையதை அழிக்காமல் தனிக் கோப்பாக எடுத்து வைக்கும் இரண்டாவது தேர்வு விசாரணைக்கு ஏற்றது. ஆனால் அப்படிச் சேரும் கோப்புகளை யாராவது அவ்வப்போது வேறிடத்துக்கு மாற்ற வேண்டும், இல்லையேல் சி டிரைவ் நிரம்பிச் சர்வரே நின்றுவிடும். இந்த மாற்றங்களுக்கு எந்தச் சேவையையும் நிறுத்தித் தொடங்க வேண்டியதில்லை. 'ரீஸ்டார்ட் செய்தால்தான் ஏறும்' என்று யாராவது சொன்னால், வேலை நேரத்தில் அதற்கு இடம் கொடுக்காதீர்கள். அப்போது இணைந்திருக்கும் எல்லாருடைய அமர்வும் அறுந்துவிடும்.

'செக்யூரிட்டி' பதிவேட்டில் மட்டும் ஒன்றை உண்மையிலேயே இயக்க வேண்டியிருக்கும். அறுந்த அமர்வு மீண்டும் ஒட்டப்படுவதை 4778 என்ற எண்ணிலும், அமர்வு அறுபடுவதை 4779 என்ற எண்ணிலும் அது எழுதும். எந்தக் கணினியிலிருந்து, எந்த முகவரியிலிருந்து என்பதும் அதில் இருக்கும். இயல்பு நிலையில் இவை எழுதப்படுவதில்லை. 'லோக்கல் செக்யூரிட்டி பாலிசி'யில் உள்ள மேம்பட்ட தணிக்கைக் கொள்கைப் பகுதியில், 'லாகான்/லாகாஃப்' என்ற தலைப்பின் கீழ் 'ஆடிட் அதர் லாகான்/லாகாஃப் ஈவன்ட்ஸ்' என்பதைத் திறந்து, வெற்றிக்கும் தோல்விக்கும் குறியிட்டால் அவை வரத் தொடங்கும். சர்வரைப் பராமரிப்பவர் கவனிக்காமல் விடுகிற இடம் பெரும்பாலும் இதுதான்.

அடுத்தது வாசிப்பு. 'லோக்கல் செஷன் மேனேஜர்' பதிவேட்டில் 21 என்பது புதிதாக நுழைந்ததையும், 23 என்பது முறையாக வெளியேறியதையும், 24 என்பது அமர்வு துண்டிக்கப்பட்டதையும், 25 என்பது அதே அமர்வு மீண்டும் இணைக்கப்பட்டதையும் குறிக்கும். துண்டிக்கப்படும்போது சர்வரில் உங்கள் நிரல் மூடப்படுவதில்லை. திரை மட்டும்தான் உங்களிடமிருந்து பறிபோகிறது. ஆகவே 24-க்குப் பின் 25 வந்திருந்தால் பாதியில் விட்ட பதிவு அப்படியே இருக்க வேண்டும். 24-க்குப் பின் 23 வந்து, அதன் பிறகு 21 வந்திருந்தால், துண்டிக்கப்பட்ட அமர்வைச் சர்வர் ஒரு நேர வரம்புக்குப் பின் மூடியிருக்கிறது என்று பொருள். சேமிக்காத பற்றுச்சீட்டு காணாமல் போவதற்குக் காரணம் அந்த வரம்பு. அது குரூப் பாலிசி என்ற விண்டோஸ் கொள்கைத் தொகுப்பில் மாற்றக்கூடிய ஓர் அமைப்பு, கோளாறு அன்று.

உங்கள் வழக்கில் அதே பதிவேட்டில் நான் முதலில் தேடுவது எண் 40. அமர்வு ஏன் துண்டிக்கப்பட்டது என்பதற்கு அது ஒரு காரணக் குறியீட்டைத் தரும். 0 என்றால் கூடுதலாகச் சொல்ல ஒன்றுமில்லை. 3 என்றால் வேலையின்றி இருப்பதற்கான நேர வரம்பு தாண்டிவிட்டது. 5 என்றால் ஓர் இணைப்பின் இடத்தை வேறோர் இணைப்பு எடுத்துக்கொண்டது. 11 என்றால் பயனரின் செயலாலேயே துண்டிப்பு நிகழ்ந்தது. உடனே வெளியே தள்ளப்படுவதாக நீங்கள் எழுதியிருக்கும் சம்பவங்களுக்கு நேரே 5 இருக்கும் என்பது என் ஊகம். ஒரு பயனர் பெயருக்கு ஓர் அமர்வு மட்டுமே என்பது விண்டோஸ் சர்வரின் இயல்பான அமைப்பு. செவ்வாய்ப்பேட்டைக் கணக்கர் 'ஆபீஸ்' என்று நுழைந்தால், சர்வர் அவரை நீங்கள் என்றே எண்ணி, நீங்கள் திறந்து வைத்திருந்த திரையை அவரிடம் கொடுத்துவிடுகிறது; நீங்கள் மீண்டும் நுழைந்தால் அவர் வெளியே விழுகிறார். இணையச் சேவைக்காரரும் சர்வர்க்காரரும் இருந்த இடத்திலேயே இருந்து சண்டையிட்டுக்கொண்டிருக்க, கணக்கர்கள் இருவர் ஒருவரையொருவர் அறியாமல் வெளியேற்றிக்கொண்டிருக்கலாம். இருவருக்கும் தனித்தனிப் பயனர் பெயர் கொடுப்பதே இதற்குத் தீர்வு. ஆனால் பெயரைப் பிரிப்பதற்கு முன் ஒரு வாரப் பதிவேட்டைச் சேமித்துவிடுங்கள்; பிரித்த பின் இத்தகைய சான்று மீண்டும் உருவாகாது.

திரை உறைந்து பிறகு அறுவது வேறு நோய். அதற்குச் சர்வரின் பதிவேடு மட்டும் போதாது. உங்கள் ஏற்காட்டுக் கணினியிலும் அதே 'ஈவன்ட் வியூவரில்', 'டெர்மினல் சர்வீசஸ்' வரிசையில் 'ஆர்டிபி கிளையன்ட்' என்ற பெயரோடு ஒரு பதிவேடு இருக்கிறது. அதில் 1024 என்பது நீங்கள் சர்வரை அழைத்த நேரம்; 1026 என்பது இணைப்பு போன நேரம், கூடவே ஒரு காரண எண். 264 என்றால் காத்திருந்து பதில் வராமல் போனது. 516 என்றால் சர்வரின் வாசலையே எட்ட முடியவில்லை. 2308 என்றால் நடுவழியில் இணைப்பு மூடப்பட்டது. 3 என்றால் சர்வரின் பக்கத்திலிருந்து துண்டிக்கப்பட்டது. 264-உம் 516-உம் 2308-உம் மாறி மாறி வந்தால் உங்கள் சர்வர்க்காரர் சொல்வதில் நியாயம் இருக்கிறது. 3 வந்தால், அதே நிமிடத்தில் சர்வரில் எண் 40 என்ன சொல்கிறது என்று பாருங்கள்.

'அதே நிமிடம்' என்பதில்தான் பலரும் தடுக்கி விழுகிறார்கள். சர்வரின் கடிகாரம் சில நிமிடங்கள் பின்தங்கியிருக்கலாம். 'ஈவன்ட் வியூவர்' நேரத்தை உள்ளே உலக நேரத்தில் சேமித்து, பார்ப்பவரின் கணினி எந்த நேர மண்டலத்தில் இருக்கிறதோ அதற்கு மாற்றிக் காட்டும். ரவுட்டரோ பல இடங்களில் உலக நேரத்தையே காட்டும். அதற்கு ஐந்தரை மணி கூட்டிக்கொள்ள வேண்டும். மின்சாரம் போய் வந்த ரவுட்டர், இணையத்திலிருந்து நேரத்தைப் பெறும் வரை 1970-ஆம் ஆண்டு சனவரி 1 என்றுகூட எழுதும். மலையில் மழைக்காலத்தில் மின்சாரம் எத்தனை முறை போகும் என்று உங்களுக்குச் சொல்ல வேண்டியதில்லை. ஆகவே மூன்று கருவிகளின் கடிகாரங்களையும் ஒரே நேர சர்வரோடு இணைத்துவிட்டுத்தான் ஒப்பீட்டைத் தொடங்க வேண்டும். இது விருப்பத்தைப் பொறுத்த ஒன்றும் அன்று. மத்திய அரசின் கணினிப் பாதுகாப்பு அமைப்பான செர்ட்-இன் 2022 ஏப்ரல் 28 அன்று பிறப்பித்த உத்தரவு, நிறுவனங்கள் தங்கள் கணினிகளின் கடிகாரங்களைத் தேசியத் தகவலியல் மையத்தின் நேர சர்வரோடோ தேசிய இயற்பியல் ஆய்வகத்தின் நேர சர்வரோடோ, அவற்றை ஒட்டி இயங்கும் நேர சர்வர்களோடோ ஒத்திசைக்க வேண்டும் என்கிறது. பதிவேடுகளை 180 நாள்கள் பாதுகாக்க வேண்டும் என்பதும் அதே உத்தரவில் உள்ளது. மேலே 100 எம்பி என்று நான் சொன்னது அந்த 180 நாள்களுக்குப் போதுமா என்பதை, ஒரு மாதத்தில் பதிவேடு எவ்வளவு வளர்கிறது என்று பார்த்து நீங்களே கணக்கிட்டுவிடலாம்.

கடிகாரங்கள் ஒத்துப்போன பின்னும் ஓர் இடைவெளி இருக்கும். வெள்ளி ஓக் கிளை ஒன்று முறிந்து கேபிளின் மேல் விழுந்து லைன் போனது என்று வைத்துக்கொள்வோம். உங்கள் கணினி விரைவில் உணர்ந்துகொள்ளும். சர்வருக்கோ, உங்களிடமிருந்து ஒன்றும் வராததற்கு நீங்கள் சும்மா இருப்பது காரணமா, லைன் போனது காரணமா என்று தெரியாது. அதனால் சர்வரில் 24 பல நிமிடம் தாமதித்து எழுதப்படலாம். நீங்கள் மீண்டும் இணையும் கணத்தில்தான் எழுதப்படுவதும் உண்டு. குரூப் பாலிசியில் ரிமோட் டெஸ்க்டாப் அமர்வுகளுக்கான 'கனெக்‌ஷன்ஸ்' பிரிவில், 'கான்ஃபிகர் கீப்-அலைவ் கனெக்‌ஷன் இன்டர்வெல்' என்பதை இயக்கி 1 நிமிடம் என்று வைத்தால், சர்வர் அவ்வப்போது உங்கள் கணினியைத் தட்டிப் பார்க்கும். தாமதம் பெருமளவு குறையும். இதைச் செய்யாமல் இரு பதிவேடுகளையும் ஒப்பிட்டு, 'சர்வர் சொல்லும் நேரம் பொருந்தவில்லை, ஆகவே சர்வர்தான் பொய்' என்று வாதிடுவது வீண்.

'ஆர்டிபி கோர் டிஎஸ்' பதிவேட்டில் 131 என்ற எண், எந்த முகவரியிலிருந்து புதிய இணைப்பு வந்தது என்பதையும், தரவை அனுப்பும் இரு முறைகளுள் அது டிசிபி வழியா யுடிபி வழியா என்பதையும் காட்டும். விண்டோஸ் சர்வர் 2012 முதல் ரிமோட் டெஸ்க்டாப் 3389 என்ற போர்ட்டில் (இணைப்பு வாசல் எண்ணில்) இரண்டையுமே பயன்படுத்துகிறது. வேகத்துக்காக வந்த யுடிபி, சில விபிஎன் (இணையத்தின் ஊடே அமைக்கும் தனிப் பாதுகாப்புப் பாதை) இணைப்புகளுக்குள் சரியாகப் போகாமல் திரையை உறையவைப்பதுண்டு. உங்கள் கணினியின் குரூப் பாலிசியில் 'டர்ன் ஆஃப் யுடிபி ஆன் கிளையன்ட்' என்பதை இயக்கிச் சில நாள் பாருங்கள். உறைவது நின்றுவிட்டால், லைனும் குற்றவாளியன்று, சர்வரும் குற்றவாளியன்று.

ஓர் எச்சரிக்கை. 'ஈவன்ட் வியூவரின்' 'வியூ' பட்டியில் 'ஷோ அனலிட்டிக் அண்ட் டீபக் லாக்ஸ்' என்று ஒரு வரி உண்டு. அதை அழுத்தினால் முன்பு நாம் பார்த்த உறைகளுக்குள் 'அனலிட்டிக்', 'டீபக்' என்ற புதிய பதிவேடுகள் முளைக்கும். இயக்கச் சொல்லி உங்களிடம் பேசியவர்கள் மனத்தில் இவையும் இருந்திருக்கலாம். நிரலை எழுதியவர்கள் படிப்பதற்காக உள்ளவை இவை. இயல்பாக அணைத்தே வைக்கப்பட்டிருக்கும், இயக்கினால் மிக வேகமாக நிறையும், சர்வரின் உழைப்பையும் தின்னும், பழைய வரிகள் இழக்கப்படலாம் என்ற எச்சரிக்கையோடுதான் இயங்கவே தொடங்கும். மென்பொருள் நிறுவனத்தின் உதவிப் பிரிவு எழுத்தில் கேட்டாலொழிய இவற்றைத் தொட வேண்டாம். கேட்டால், கோளாறு நிகழும் வேளையில் இயக்கி, நிகழ்ந்ததும் அணைத்துவிட வேண்டும். நவம்பரில் தொடங்கிச் சனவரி வரை நீளும் பழப் பறிப்புக் காலத்தில், ஏற்கெனவே திணறும் சர்வரில் இதை ஓடவிட்டு மறந்துபோவது புதிய கோளாறைத் தானே வரவழைப்பதாகும்.

கேள்வி: அம்மாப்பேட்டையில் ஒரு ஜவுளி நிறுவனத்தில் வேலை செய்கிறேன். சர்வரில் ரிமோட் அமர்வுப் பதிவேட்டை இயக்கியிருப்பதாக முதலாளி சொன்னார். நான் தட்டச்சு செய்வதும் திரையில் பார்ப்பதும் அதில் பதிவாகுமா?
– ஒரு வாசகி, சேலம்

பதில்: ஆகாது. மேலே சொன்ன பதிவேடுகளில் இருப்பவை பயனர் பெயர், கணினியின் பெயர் அல்லது முகவரி, நேரம், அமர்வின் எண், நடந்தது என்ன என்பதற்கான குறியீடு ஆகியவையே. நீங்கள் எந்தக் கோப்பைத் திறந்தீர்கள், என்ன எழுதினீர்கள் என்பது இவற்றில் இராது. திரையையே படமெடுக்கும் மென்பொருள்கள் தனியாக உண்டு. அவற்றை நிறுவியிருந்தால் அது வேறு செய்தி, அதை முதலாளியிடம் நேரடியாகக் கேட்பதில் தவறில்லை. அதே சமயம், எத்தனை மணிக்கு நுழைந்தீர்கள், எப்போது வெளியேறினீர்கள் என்பது இந்தப் பதிவேட்டில் துல்லியமாக இருக்கும். அதை வருகைப் பதிவேடாகப் பயன்படுத்த முனையும் முதலாளிகள் இருக்கிறார்கள். வெளியேறாமல் சாளரத்தை மட்டும் மூடிவிட்டுப் போனவரின் அமர்வு இரவு முழுவதும் சர்வரில் உயிரோடு இருக்கும் என்பதால், அந்தக் கணக்கு நம்பத்தக்கதன்று.

கேள்வி: எங்கள் கல்லூரி ஆய்வகத்தில் லினக்ஸ் சர்வர் உள்ளது. மாணவர்கள் எஸ்எஸ்எச் (தொலைவிலிருந்து பாதுகாப்பாக நுழைந்து கட்டளையிடும் வழி) மூலம் நுழைகிறோம். யார் எந்தச் சாவியால் நுழைந்தார் என்று தெரிய, பதிவை 'டீபக்' நிலையில் வைக்கலாமா?
– ஒரு மாணவர், சேலம்

பதில்: தேவையில்லை. எஸ்எஸ்எச் சர்வரின் அமைப்புக் கோப்பில் 'லாக்லெவல்' என்ற வரி இயல்பாக 'இன்ஃபோ' என்ற நிலையில் இருக்கும். அதற்கு ஒரு படி மேலே உள்ள 'வெர்போஸ்' நிலையே உங்கள் தேவைக்குப் போதும். நுழையப் பயன்படுத்திய சாவியின் கைரேகைக் குறியீடு தெளிவாகப் பதிவாகும். 'டீபக்' நிலைகள் பயனரின் அந்தரங்கத்தை மீறுபவை, ஆகவே பரிந்துரைக்கத் தக்கவையல்ல என்று அந்த நிரலின் கையேடே சொல்கிறது. உபுண்டு சர்வரில் இந்தப் பதிவுகள் 'ஆத் லாக்' கோப்பிலும், ரெட் ஹேட் குடும்பத்தில் 'செக்யூர்' என்ற கோப்பிலும் சேரும். கோப்பைத் திருத்தியதும், சேவைக்குப் புதிய அமைப்பை ஏற்றும் முன், எழுத்துப் பிழை இருக்கிறதா என்று சோதிக்கும் வசதி அந்த நிரலிலேயே உண்டு, அதைப் பயன்படுத்துங்கள். திறந்திருக்கும் ஓர் அமர்வை மூடாமல் வைத்துக்கொண்டு, இன்னொரு சாளரத்தில் புதிதாக நுழைந்து பாருங்கள். இல்லையென்றால் விடுமுறை நாளில் ஆய்வகச் சாவியைத் தேடிக்கொண்டு அலைய நேரும்.

கேள்வி: பதிவேட்டை இயக்கியது முதல் 4625 என்ற எண் ஆயிரக்கணக்கில் வருகிறது. 'அட்மின்', 'டெஸ்ட்' என்று எங்களிடம் இல்லாத பெயர்கள் எல்லாம் இருக்கின்றன. பதிவேட்டை அணைத்துவிடலாமா?
– சூரமங்கலம் வாசகர்

பதில்: பதிவேட்டை அல்ல, 3389 போர்ட்டை மூடுங்கள். 4625 என்பது தோல்வியுற்ற நுழைவு முயற்சி. உங்கள் ரவுட்டர் அந்தப் போர்ட்டை இணையம் முழுவதற்கும் திறந்து வைத்திருக்கிறது. உலகின் எந்த மூலையிலிருந்தோ தானியங்கி நிரல்கள் கடவுச்சொல்லை ஊகித்துக்கொண்டிருக்கின்றன. போர்ட் எண்ணை மாற்றினால் இரைச்சல் குறையும், ஆபத்து குறையாது. விபிஎன் வழியாகவோ, 443 போர்ட்டில் இயங்கும் ரிமோட் டெஸ்க்டாப் கேட்வே வழியாகவோ மட்டுமே உள்ளே வரும்படி செய்யுங்கள். இந்தத் தோல்வி வரிகள் இன்னொரு தீங்கும் செய்கின்றன: 'செக்யூரிட்டி' பதிவேட்டின் இயல்பான 20 எம்பி இடத்தை அவையே நிரப்பி, உண்மையாக யார் நுழைந்தார் என்று சொல்லும் 4624 வரிகளை வெளியே தள்ளிவிடுகின்றன. அந்த 4624 வரிகளில் லாகான் வகை 10 (ரிமோட் டெஸ்க்டாப் வழி நுழைவு) என்றிருப்பவற்றை உடனே ஒரு முறை பாருங்கள்; அறுந்த அமர்வில் மீண்டும் ஒட்டிக்கொண்டவர்கள் வகை 7 என்று வருவார்கள், அவற்றையும் விட்டுவிடாதீர்கள். 'ரிமோட் கனெக்‌ஷன் மேனேஜரில்' வரும் 1149-ஐ மட்டும் வைத்து யாரோ நுழைந்துவிட்டார் என்று பதற வேண்டாம். திரை வரும் முன்பே கடவுச்சொல்லைச் சோதிக்கும் நெட்வொர்க் நிலைச் சரிபார்ப்பு அணைக்கப்பட்டிருந்தால், கடவுச்சொல் கேட்கும் திரை வரை வந்தவருக்கும் அந்த எண் விழும்.

கேள்வி: எங்கள் ஜவ்வரிசி ஆலையில் எல்லாரும் சரியாக ஒரு மணி நேரத்தில் துண்டிக்கப்படுகிறோம். டொமைன் எதுவும் இல்லை, ஒர்க்குரூப்தான். சர்வர் 2019. எந்தப் பதிவேட்டை இயக்குவது?
– ஆத்தூர் வாசகர்

பதில்: எதையும் இயக்க வேண்டாம். நுழையும்போது, உரிமத்தில் சிக்கல் இருப்பதாகவும் 60 நிமிடத்தில் துண்டிக்கப்படும் என்றும் ஒரு செய்தி தோன்றியிருக்கும். பழக்கத்தில் அதை மூடிவிட்டு வேலையைத் தொடங்கியிருப்பீர்கள். டொமைன், அதாவது பயனர்களை ஒரே இடத்தில் நிர்வகிக்கும் ஏற்பாடு, இல்லாத சர்வர் 2019-இல் 'பெர் யூசர்' (ஆளுக்கு ஒன்று) வகை உரிமம் செல்லாது. 'பெர் டிவைஸ்' (கணினிக்கு ஒன்று) வகையே வேண்டும். வாங்கியவரிடம் வகையை மாற்றித் தரக் கேளுங்கள். சர்வரில் உள்ள 'ரிமோட் டெஸ்க்டாப் லைசென்சிங் டயக்னோசர்' காட்டும் திரையை அச்செடுத்துக் கடிதத்தோடு இணைத்தால் பேச்சு சுருக்கமாக முடியும்.